ஒரே கம்பி இணையில் இரு உரையாடல்கள்: தொடக்கக் காலக் கேரியர் தொலைபேசியை மேசைமேல் கட்டிப் பார்க்கும் முறை

1918ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர், பிட்ஸ்பர்க் நகரங்களுக்கு இடையே, கம்பங்களில் ஓடிய ஓர் இணைச் செப்புக் கம்பியில் வழக்கமான உரையாடலோடு மேலும் நான்கு உரையாடல்கள் ஒரே நேரத்தில் செல்லத் தொடங்கின. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 'டைப் ஏ' என்று பெயரிட்ட அந்த அமைப்பே, உயர் அதிர்வெண் அலையின் மேல் பேச்சை ஏற்றி அனுப்பும் 'கேரியர் தொலைபேசி' முறையில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் அமைப்பு. அதன் அடிப்படையை ஒரு மேசையின் மேல், ஒரு திசையில் மட்டும், சாதாரணக் குரல் தடம் ஒன்றும் கேரியர் தடம் ஒன்றுமாகக் கட்டிப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். பள்ளி இயற்பியலில் பண்பேற்றம், பக்கப்பட்டை ஆகியவற்றைப் படித்தவரும் ஓரளவு சால்டரிங் பழக்கம் உள்ளவரும் இதைச் செய்து முடிக்கலாம்.

கட்டத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் கொள்வது நல்லது. உயர் அதிர்வெண் அலையின் மேல் பேச்சை ஏற்றி ஒரே கம்பியில் பல பேச்சுகளை அனுப்பலாம் என்ற எண்ணம் 1918இல் புதியதன்று. பிரான்சில் மோரிஸ் லெப்லான் போன்றோர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை முன்வைத்திருந்தனர். 1910இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையைச் சேர்ந்த ஜார்ஜ் ஓவன் ஸ்குயர், வாஷிங்டனில் ஏறத்தாழ 7 மைல் நீளமுள்ள தொலைபேசிக் கம்பியில், வானொலிக்காக உருவாக்கப்பட்ட உயர் அதிர்வெண் மின்னாக்கியைக் கொண்டு அதைச் செய்தும் காட்டினார். 1911 ஜனவரியில் கிடைத்த காப்புரிமைகளைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கே அவர் விட்டுக்கொடுத்தார். அப்படியிருந்தும் வணிக அமைப்பு வருவதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. பேச்சை ஏற்றுவது எளிதாகவே இருந்தது. ஏற்றியதை ஒன்றோடொன்று கலக்காமல் பிரிப்பதும், தேவையற்ற பாதியை வெட்டுவதும், வழியில் கெடாமல் பெருக்குவதுமே கடினமாக இருந்தன. மேசைமேல் கட்டும்போதும் இடையூறுகள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வரும் என்பதால், படிகளையும் அவ்வாறே அமைத்திருக்கிறேன்.

தேவையான பொருள்கள்

600 ஓம் மின்தடைக்கு ஏற்ற, இரு பக்கமும் நடு முனை உள்ள ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர்கள் நான்கு தேவை. வாங்கும்போது ஒவ்வொரு பக்கமும் மூன்று கால்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மோடம் பலகைகளிலிருந்து கழற்றி விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் நடு முனை இருக்காது. 1என்34ஏ வகை ஜெர்மானியம் டையோடுகளில் ஒரு பத்து, 27 மில்லிஹென்றி காயில்கள் எட்டு, 6.8 மில்லிஹென்றி காயில்கள் இரண்டு, 0.15 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் நான்கு, 0.033 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் நான்கு, 100 ஓம் பொட்டென்ஷியோமீட்டர்கள் இரண்டு, பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, சில்லறையாகச் சில ரெசிஸ்டர்கள் ஆகியவற்றையும் வாங்க வேண்டும். இவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கக்கூடிய சரக்குகள்தாம். கெப்பாசிட்டர்கள் பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். மலிவான செராமிக் வட்டுகளின் மதிப்பு வெப்பத்தாலும் மின்னழுத்தத்தாலும் மாறுவதால், குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கடத்தும் வடிப்பானின் எல்லையும் நகர்ந்துவிடும்.

பேச்சைச் சுமந்து செல்லும் உயர் அதிர்வெண் அலையான ஊர்தி அலையை (கேரியர்) உண்டாக்க எக்ஸ்ஆர்2206 சில்லு கொண்ட சிறிய சிக்னல் ஜெனரேட்டர் கிட்கள் இரண்டு போதும். இரண்டு எதற்கு என்பது பின்னால் விளங்கும். பேச்சுக்கு இரண்டு கைப்பேசிகளில் வெவ்வேறு குரல் பதிவுகளை ஓடவிடலாம். ஹெட்ஃபோன் வெளியீட்டின் உள்மின்தடை மிகக் குறைவு என்பதால், அதற்குத் தொடராக 560 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் அது ஏறத்தாழ 600 ஓம் மூலமாக நடந்துகொள்ளும். கேட்பதற்கு ஒரு சிறிய ஆடியோ ஆம்ப்ளிஃபயரும், அளப்பதற்கு ஆடாசிட்டி மென்பொருள் நிறுவிய மடிக்கணினியும், லைன் உள்ளீடு கொண்ட யூஎஸ்பி ஒலி அட்டையும் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் 12 கிலோஹெர்ட்ஸில் காட்டும் ஏசி அளவை நம்ப முடியாது.

இந்த அமைப்பை வீட்டுத் தொலைபேசி இணைப்போடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. இது முழுக்க முழுக்க மேசைக்குரியது.

முதலில் வடிப்பான்கள்

பலரும் பண்பேற்றியிலிருந்து, அதாவது ஊர்தி அலையின் மேல் பேச்சை ஏற்றும் சுற்றிலிருந்து, தொடங்குவார்கள். வடிப்பான்களிலிருந்து தொடங்குமாறு நான் பரிந்துரைக்கிறேன். ஏனெனில் இந்த வரலாற்றின் அச்சாணி அதுதான். ஏடி அண்ட் டியின் ஜார்ஜ் கேம்பெல், 1899 வாக்கில், நெடுந்தூரக் கம்பியில் குறிப்பிட்ட இடைவெளிகளில் காயில்களைச் செருகினால் பேச்சு குறைந்த இழப்போடு செல்லும் என்பதைக் கணக்கிட்டார். அதே கருத்தை எட்டிய மைக்கேல் புப்பின் காப்புரிமையைப் பெற்றுவிட்டார் என்பது தனிக் கதை. அவ்வாறு காயில் செருகிய கம்பி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரை நன்றாகக் கடத்தி, அதற்கு மேல் திடீரென அடைத்துக்கொள்ளும். குறையாகத் தோன்றிய அந்தப் பண்பையே கருவியாக்கி, காயில்களையும் கெப்பாசிட்டர்களையும் விரும்பிய மதிப்புகளில் அடுக்கினால் விரும்பிய அதிர்வெண் பட்டையை மட்டும் கடத்தும் வலை கிடைக்கும் என்று அவர் கண்டார். அலை வடிப்பானுக்கான அவருடைய காப்புரிமை 1917 மே 22 அன்று வழங்கப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியாக இதே முடிவை எட்டினார்.

தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் கடத்தும் தாழ்பட்டை வடிப்பானை 'டி' வடிவில் அமையுங்கள்: 27 மில்லிஹென்றி காயில் இரண்டைத் தொடராக இணைத்து, அவை சேரும் இடத்திலிருந்து மறு கம்பிக்கு 0.15 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே இடுங்கள். இரு காயில்களின் கூட்டு மதிப்பான 54 மில்லிஹென்றியை 0.15 மைக்ரோஃபாரடால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சரியாக 600 ஓம் வரும். எல்லை அதிர்வெண் சுமார் 3,500 ஹெர்ட்ஸ். பேச்சுக்கு இது போதும். உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் கடத்தும் உயர்பட்டை வடிப்பானுக்கு 0.033 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடராக வைத்து, நடுவிலிருந்து 6.8 மில்லிஹென்றி காயிலைக் குறுக்கே இட்டால் எல்லை சுமார் 7,500 ஹெர்ட்ஸில் அமையும். தாழ்பட்டையில் நான்கும் உயர்பட்டையில் இரண்டும் செய்துகொள்ளுங்கள். கணக்குப்படி தாழ்பட்டை வடிப்பான் 12 கிலோஹெர்ட்ஸை ஏறத்தாழ 33 டெசிபல் அளவுக்கும், உயர்பட்டை வடிப்பான் 3 கிலோஹெர்ட்ஸை 27 டெசிபல் அளவுக்கும் தடுக்கும். கடையில் கிடைக்கும் காயில்களின் உள்மின்தடை எல்லையின் விளிம்பைச் சற்று மழுங்கச் செய்யும். இந்த இடத்தில் அது பொருட்டில்லை.

கம்பியின் ஒவ்வொரு முனையிலும் ஒரு தாழ்பட்டை வடிப்பானையும் ஓர் உயர்பட்டை வடிப்பானையும் பக்கவாட்டில் இணைக்க வேண்டும். தாழ்பட்டையின் மறுபுறம் சாதாரணக் குரல் தடம். உயர்பட்டையின் மறுபுறம் கேரியர் தடம். 'டி' வடிவத்தை வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தச் சந்திப்புதான். ஒரே எல்லை அதிர்வெண்ணைத் தரும் 'பை' வடிவத்தில் கெப்பாசிட்டர்கள் இரு ஓரங்களிலும் குறுக்கே அமைவதால், அதைக் கம்பியோடு சேர்த்த கணத்தில் அந்தக் கெப்பாசிட்டர் கேரியர் அலைக்குக் குறுக்குச் சுற்றாகிவிடும். காயில் முன்னால் நின்றால் குரல் தடம் கேரியர் அலைக்கும், கெப்பாசிட்டர் முன்னால் நின்றால் கேரியர் தடம் குரலுக்கும் இல்லாததுபோல் ஆகிவிடுகின்றன.

இரு முனைகளுக்கும் இடையில் உள்ள 'நெடுந்தூரக் கம்பி'யை மூன்று ரெசிஸ்டர்களால் செய்யலாம்: 470 ஓம் இரண்டு தொடராகவும், நடுவிலிருந்து 120 ஓம் குறுக்காகவும் வைத்தால் ஏறத்தாழ 20 டெசிபல் இழப்புள்ள கம்பி கிடைக்கும். குரல் தடத்தை மட்டும் ஓட்டி, பேச்சு மறுமுனையில் கேட்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

பண்பேற்றி

1918ஆம் ஆண்டின் அமைப்பில் பண்பேற்றத்தைச் செய்தவை வெற்றிடக் குழாய்கள். லீ டி ஃபாரஸ்டின் தொடக்கக் காலக் குழாயான ஆடியானை ஹெரால்ட் அர்னால்ட் 1912, 1913ஆம் ஆண்டுகளில் உயர் வெற்றிடக் குழாயாக மேம்படுத்தியிராவிட்டால், 1915 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்ட நியூயார்க்-சான் ஃபிரான்சிஸ்கோ தொலைபேசித் தடமும் இருந்திருக்காது, கேரியரும் இருந்திருக்காது. எனினும் நாம் குழாய்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1930களில் செப்பு ஆக்சைடு திருத்திகளைக் கொண்டு குழாய் இல்லாமலே பண்பேற்றும் முறை கேரியர் அமைப்புகளில் பரவியது. அதன் பிற்காலப் பதிப்பே இங்கு நாம் கட்டப்போகும் டையோடு வளையம்.

பத்து டையோடுகளையும் மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் அளந்து, நெருக்கமான மதிப்புள்ள நான்கை ஒரு வளையத்துக்கும் அடுத்த நான்கை இன்னொரு வளையத்துக்கும் ஒதுக்குங்கள். அளக்கும்போது டையோடை விரலால் பிடிக்காதீர்கள். உடல் சூட்டுக்கே ஜெர்மானியத்தின் அளவு நகரும். நான்கு டையோடுகளையும் ஒன்றின் தலை அடுத்ததன் வாலைத் தொடும்படி ஒரே சுற்றில் இணையுங்கள். பழக்கத்தின் காரணமாகக் கை தானாகவே பவர் சப்ளைகளில் வரும் பிரிட்ஜ் திருத்தியைக் கட்டிவிடக்கூடும். அதில் இரண்டிரண்டு டையோடுகள் எதிர்த்திசையில் இருக்கும், இதில் நான்கும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். வளையத்தின் எதிரெதிரான இரு மூலைகள் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும், மற்ற இரண்டு வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் செல்லும். ஊர்தி அலையை இரு டிரான்ஸ்ஃபார்மர்களின் நடு முனைகளுக்கு இடையே கொடுங்கள். ஏதேனும் ஒரு மூலையில் இரு டையோடுகளுக்கு நடுவே 100 ஓம் பொட்டென்ஷியோமீட்டரைச் செருகி, அதன் நகரும் முனையை டிரான்ஸ்ஃபார்மருக்கு இணைத்துவிட்டால் சமன் செய்யும் வசதியும் கிடைத்துவிடும்.

ஊர்தி அலையை 12 கிலோஹெர்ட்ஸில், ஏறத்தாழ 2 வோல்ட் அளவில் வையுங்கள். அது டையோடுகளை நொடிக்குப் பன்னிரண்டாயிரம் முறை திறந்து மூட, பேச்சின் துருவம் அதற்கேற்ப மாறி மாறித் திரும்புகிறது. வெளியீட்டில் பேச்சும் இருக்காது, ஊர்தி அலையும் இருக்காது. 12 கிலோஹெர்ட்ஸின் இருபுறமும் பேச்சின் இரு பிம்பங்கள் மட்டும் இருக்கும். கீழ்ப் பக்கப்பட்டை சுமார் 8.5 முதல் 11.7 கிலோஹெர்ட்ஸ் வரை தலைகீழாகவும், மேல் பக்கப்பட்டை 12.3 முதல் 15.5 கிலோஹெர்ட்ஸ் வரை நேராகவும் அமையும். பேச்சு இதைவிட அகலமாகப் பரவாமல் இருக்க, வளையத்துக்கு முன்னால் ஒரு தாழ்பட்டை வடிப்பானை வைத்துவிடுங்கள். பேச்சின் அளவு ஊர்தி அலையின் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது முக்கியம். தாண்டினால் டையோடுகளைத் திறந்து மூடும் வேலையில் பேச்சும் பங்கெடுத்து உருச்சிதைவை உண்டாக்கும்.

இப்போது பேச்சை நிறுத்தி, வெளியீட்டை ஒலி அட்டையில் பதிந்து, ஆடாசிட்டியில் அதன் நிறமாலையைப் பாருங்கள். 12 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஊசி நிற்கும். அதுதான் சமன் பிசகினால் கசியும் ஊர்தி அலை. பொட்டென்ஷியோமீட்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மீண்டும் பதிந்து, அந்த ஊசியை இயன்றவரை தாழ்த்துங்கள். பேச்சு ஓடும்போது தெரியும் பக்கப்பட்டைகளைவிட அது 30 டெசிபல் கீழே இருந்தால் போதும். சமன் செய்த பின் ஒரு டையோடின் மேல் விரலை வைத்துச் சில நொடிகள் பிடித்துப் பாருங்கள். ஊசி மெல்ல எழுவதையும், விரலை எடுத்த பின் இறங்குவதையும் காணலாம்.

ஏற்பு முனையும் ஒற்றைப் பக்கப்பட்டையும்

மறுமுனையில் உயர்பட்டை வடிப்பானுக்குப் பின்னால் இதே போன்ற இரண்டாவது வளையத்தை வைத்து, அதன் வெளியீட்டை ஒரு தாழ்பட்டை வடிப்பானின் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள். முதல் சோதனையாக, அனுப்பும் முனையின் ஜெனரேட்டரிலிருந்தே ஒரு கம்பியை இழுத்து ஏற்பு வளையத்துக்கும் ஊர்தி அலையைக் கொடுங்கள். பேச்சு தெளிவாகத் திரும்பி வரும். இரு கைப்பேசிகளையும் ஒருசேர ஓட்டினால் ஒரே கம்பி இணையில் இரு குரல்கள் சென்று, மறுமுனையில் தனித்தனியே பிரிந்து கேட்கும்.

ஆனால் பால்டிமோரிலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு ஊர்தி அலைக்கென்று தனிக் கம்பி இழுத்தால் இந்த ஏற்பாட்டுக்கே பொருளில்லாமல் போய்விடும். ஏற்பு முனையில் தனி அலையியற்றிதான் இருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது ஜெனரேட்டரை இணைத்து, அதையும் 12 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள். எவ்வளவு கவனமாகத் திருப்பினாலும் இரண்டும் சில ஹெர்ட்ஸ் விலகியே நிற்கும். விலகல் 2 ஹெர்ட்ஸாக இருக்கும்போது பேச்சு நொடிக்கு நான்கு முறை ஓங்கி, நான்கு முறை அடங்கும். 30 ஹெர்ட்ஸாகும்போது சொற்கள் கரகரத்துச் சிதறும். காரணம் எளிது. இரு பக்கப்பட்டைகளும் ஒரே பேச்சின் பிரதிகள். ஏற்பு முனையில் ஒன்று விலகலின் அளவுக்கு மேலேயும் மற்றது அதே அளவுக்குக் கீழேயும் நகர்ந்து, ஒன்றையொன்று சில நேரம் கூட்டியும் சில நேரம் அழித்தும் விடுகின்றன.

இந்த இடத்தில்தான் ஏடி அண்ட் டியின் ஜான் கார்சன் வருகிறார். ஊர்தி அலையில் செய்தி எதுவும் இல்லை, ஒரு பக்கப்பட்டையிலேயே முழுப் பேச்சும் அடங்கியிருக்கிறது, எனவே மற்றவற்றை அனுப்பத் தேவையில்லை என்று கணித வழியில் கண்டு, 1915 டிசம்பர் 1 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காப்புரிமை 1923 மார்ச் 27 அன்றுதான் கிடைத்தது. அதற்கு முன்பே டைப் ஏ அமைப்பு அந்த முறையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைப் பக்கப்பட்டையால் அதிர்வெண் இடம் பாதியாகக் குறைந்ததைப் பாடநூல்கள் சொல்கின்றன. ஊர்தி அலையை அனுப்பாததால் பெருக்கிகளின் சுமை குறைந்ததும், ஏற்பு முனையின் அலையியற்றி சற்று விலகினாலும் பேச்சு பிழைத்ததும் அதே அளவுக்கு முக்கியமானவை என்பது என் கருத்து.

இதை நேரில் கேட்க ஒரு கூர்மையான வடிப்பான் வேண்டும். பேச்சின் கீழ் எல்லையை 300 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் இரு பக்கப்பட்டைகளுக்கும் நடுவில் 600 ஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு. 12 கிலோஹெர்ட்ஸில் அது இருபதில் ஒரு பங்கு. கடைக் காயில்களின் தரத்தில் அவ்வளவு செங்குத்தாக வெட்ட இயலாது. தொடக்கக் கால அமைப்புகள் ஏறத்தாழ 30 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்: மேலே போகப் போக அதே 600 ஹெர்ட்ஸ் இடைவெளி விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போகும். நாம் இந்த ஒரு படிக்குக் கணினியின் உதவியை நாடலாம். அனுப்பும் முனையின் வெளியீட்டை நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் பதிந்துகொண்டு, ஆடாசிட்டியின் வளைவு வடிப்பானில் 11.9 கிலோஹெர்ட்ஸ் வரை நேர்கோடாகவும் 12.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து முற்றிலும் இறங்கியும் இருக்குமாறு கோடு வரைந்து, அதன் நீள அளவை உச்சத்தில் வைத்து வடித்து, கிடைத்த ஒலியை ஏற்பு முனையின் உயர்பட்டை வடிப்பானுக்குள் ஓடவிடுங்கள்.

இப்போது இரண்டாவது ஜெனரேட்டரை 10, 20 ஹெர்ட்ஸ் என்று நகர்த்திப் பாருங்கள். ஏற்ற இறக்கம் அடியோடு மறைந்திருக்கும். 20 ஹெர்ட்ஸ் விலகலில் பேசுபவரின் குரல் சற்று வேறொருவருடையதுபோல் மாறினாலும் சொல் ஒன்றும் தவறாது. பேச்சுக்குப் பதிலாக வீணை இசையை ஓட்டினால் அதே 20 ஹெர்ட்ஸ் பொறுக்க முடியாததாக இருக்கும். எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவு நகர்வதால் சுரத்துக்கும் அதன் மேற்சுரங்களுக்கும் உள்ள விகிதம் உடைந்துவிடுகிறது. தொலைபேசிக்கு இது போதுமானதாக இருந்தது.

கம்பியில் காயில் இருந்தால்

வேறெதையும் தொடாமல் ஒரு சிறு சோதனை. பண்பேற்றிக்கு முன்னால் வைத்த தாழ்பட்டை வடிப்பானைக் கழற்றி, அதைக் கம்பியின் நடுவில் செருகுங்கள். குரல் தடம் முன்போலவே கேட்கும். கேரியர் தடம் அடங்கிவிடும். நீங்கள் செருகியது நடைமுறையில் லோடிங் காயில் (கேம்பெல் கணக்கிட்ட, கம்பியில் இடைவெளி விட்டுச் செருகும் காயில்) இட்ட ஒரு கம்பித் துண்டுதான். பேச்சு தூரம் செல்ல வேண்டும் என்று பெரும் செலவில் இடப்பட்ட அந்தக் காயில்களைக் கேரியருக்காகக் கழற்றி, இழப்பை ஈடுகட்டக் கூடுதல் ரிப்பீட்டர்களை (வழியில் வைக்கும் பெருக்கிகளை) வைக்க வேண்டியதாயிற்று. 1920களில் அமெரிக்காவின் திறந்த கம்பித் தடங்களில் அதுவே நடந்தது. வடிப்பானைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு மேலே தொடருங்கள்.

பெருக்கி: எல்லோரும் ஒரே வாசலில்

குரல் தடத்தைப் பெருக்கும் பெருக்கி சற்றுச் சிதைத்தாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். பல தடங்களை ஒருசேரப் பெருக்கும்போது, ஒரு தடத்தின் சிதைவு இன்னொரு தடத்தின் அதிர்வெண்ணில் போய் விழுகிறது. இதைக் காட்ட ஒற்றை டிரான்சிஸ்டர் பெருக்கி போதும். 12 வோல்ட் மின்சாரத்தில், பிசி547இன் பேஸுக்கு மேலே 47 கிலோஓம், கீழே 10 கிலோஓம், கலெக்டருக்கு 2.2 கிலோஓம், எமிட்டருக்கு 100 ஓமும் 560 ஓமும் தொடராக இடுங்கள். உள்ளீட்டின் குறுக்கே 680 ஓம் வைத்துக் கம்பிக்குச் சரியான முடிவைக் கொடுங்கள். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் 10 மைக்ரோஃபாரட் இணைப்புக் கெப்பாசிட்டர்கள் இருக்கட்டும். எமிட்டரிலிருந்து தரைக்கு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை, முதலில் இரண்டு எமிட்டர் ரெசிஸ்டர்களுக்கும் குறுக்கே வரும்படி வையுங்கள். 600 ஓம் சுமையில் பெருக்கம் 38 மடங்கு அளவில் இருக்கும்.

இதை 20 டெசிபல் கம்பிக்கும் ஏற்பு முனைக்கும் நடுவில் வைத்து, ஒவ்வொரு தடத்தின் அளவையும் அனுப்பும் முனையில் சுமார் 0.1 வோல்ட்டாக நிறுத்துங்கள். ஏற்பு வளையத்துக்கு மீண்டும் அனுப்பும் முனையின் ஊர்தி அலையையே கொடுங்கள். கேரியர் தடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, குரல் தடத்தில் மட்டும் பேச்சை ஓட்டி, கேரியர் தடத்தின் ஏற்பு முனையைக் காதால் கேளுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் சமனில் இருக்கும்வரை ஒன்றும் பெரிதாகக் கேட்காது. அதைச் சற்றே சமன் பிசகவிட்டு ஊர்தி அலையைக் கசியச் செய்தால், குரல் தடத்தின் பேச்சு கேரியர் தடத்தில் சொல் சொல்லாக ஒலிக்கத் தொடங்கும். பெருக்கியின் வளைந்த இயல்பு, கசிந்த 12 கிலோஹெர்ட்ஸையும் பேச்சையும் பெருக்கல் செய்து, நாம் கேட்காமலேயே இன்னொரு பண்பேற்றியாக வேலை பார்த்துவிடுகிறது. ஊர்தி அலையை அடக்குவதில் பழைய பொறியாளர்கள் காட்டிய பிடிவாதத்தின் பொருள் இதைக் கேட்டால் விளங்கும்.

இனி அந்த 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 560 ஓமுக்கு மட்டும் குறுக்கே வரும்படி மாற்றுங்கள். 100 ஓம் ரெசிஸ்டர் இப்போது எதிர்ப் பின்னூட்டம் தருகிறது. பெருக்கம் நான்கு மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். இழந்த 19 டெசிபலை மீட்க, கம்பியாக வைத்த 20 டெசிபல் ரெசிஸ்டர் வலையை நீக்கிவிடுங்கள். ஏற்பு முனையில் ஒலியளவு முன்போலவே இருக்கும், ஆனால் ஒட்டுக்கேட்ட பேச்சு வெகுவாகத் தாழ்ந்திருக்கும்.

மேசையில் ஒரு கெப்பாசிட்டரை இடம் மாற்றிச் செய்ததை 1920களில் கண்டறிவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பெல் ஆய்வகத்தின் ஹெரால்ட் பிளாக், பல தடங்களைச் சுமந்து பல ரிப்பீட்டர்களைக் கடந்தும் கெடாத பெருக்கியைப் பல ஆண்டுகள் தேடினார். ஆயிரக்கணக்கான மைல் தடத்தில் ஒவ்வொரு ரிப்பீட்டரும் தன் பங்குக்குச் சிறிது சிதைவைச் சேர்த்துக்கொண்டே போகும் என்பதே அவரைத் துரத்திய கணக்கு. 1927 ஆகஸ்ட் 2 காலையில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் லாக்கவானா படகில் வேலைக்குச் செல்லும்போது, வெளியீட்டின் ஒரு பங்கை எதிர்க் கட்டத்தில் உள்ளீட்டுக்குத் திருப்பினால் பெருக்கம் குறையும், சிதைவும் அதே விகிதத்தில் குறையும் என்பது அவருக்குப் பிடிபட்டது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதை எழுதிவைத்தார். பெருக்கியின் பெருக்கத்தை வேண்டுமென்றே வீணாக்குவது அன்று பலருக்கும் அபத்தமாகப் பட்டது. காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. பன்னிரண்டு தடங்களைச் சுமந்த 1930களின் கேபிள் கேரியர் அமைப்புகளும், பின்னர் நூற்றுக்கணக்கான தடங்களைச் சுமந்த கோஆக்சியல் கேபிள்களும் இந்தப் பெருக்கியின் மேல் நின்றவையே.

இருவழியாக்க விரும்பினால்

இதுவரை கட்டியது ஒருவழி. டைப் ஏ அமைப்பில் இரு திசைகளுக்கும் ஒரே அதிர்வெண் பட்டையைப் பயன்படுத்தி, போவதையும் வருவதையும் சமனிட்ட டிரான்ஸ்ஃபார்மர்களால் பிரித்தார்கள். அந்தச் சமன், கம்பியின் மின்மறுப்பை ஒரு செயற்கை வலை எவ்வளவு நெருக்கமாகப் போலி செய்கிறது என்பதைப் பொறுத்தது; மழையில் இன்சுலேட்டர்கள் நனைந்தாலே கம்பியின் இயல்பு மாறும். ஆகவே அடுத்து வந்த அமைப்புகள் திசைக்கு ஒரு பட்டை என்று ஒதுக்கிவிட்டன. 1920களின் நடுவில் வந்த டைப் சி, மூன்று கூடுதல் தடங்களை ஒற்றைப் பக்கப்பட்டையில், திசைக்கு ஒரு பட்டையாக, சுமார் 30 கிலோஹெர்ட்ஸுக்குள் அடக்கிப் பல பத்தாண்டுகள் உழைத்தது.

மேசையிலும் இதே வழியைப் பின்பற்றுங்கள். மறுதிசைக்கு 22 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையைத் தேர்ந்தெடுத்தால் அதன் கீழ்ப் பக்கப்பட்டை 18.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கும். முதல் திசையின் மேல் பக்கப்பட்டை 15.5இல் முடிந்துவிடும். இடையிலுள்ள 3 கிலோஹெர்ட்ஸ் வெளியில், சுமார் 17 கிலோஹெர்ட்ஸை எல்லையாகக் கொண்டு திசை பிரிக்கும் வடிப்பான்களை அமைக்க வேண்டும். தாழ்பட்டைக்குக் காயில்களின் கூட்டு மதிப்பு, 600ஐ எல்லை அதிர்வெண்ணின் 3.14 மடங்கால் வகுத்தால் கிடைக்கும். அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 5.6 மில்லிஹென்றி, நடுக் கெப்பாசிட்டர் சுமார் 0.031 மைக்ரோஃபாரட். உயர்பட்டைக்குக் குறுக்குக் காயில் 2.8 மில்லிஹென்றி, தொடர் கெப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றும் சுமார் 0.016 மைக்ரோஃபாரட். ஒரே அடுக்கு இங்கே போதாது. ஒவ்வொரு வகையிலும் இரண்டு அல்லது மூன்று அடுக்குகளைத் தொடராக வையுங்கள். 22 கிலோஹெர்ட்ஸில் உங்கள் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர்கள் எவ்வளவு இழக்கின்றன என்பதை முன்னதாகவே அளந்துகொள்ளுங்கள். சில வகைகள் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரியும், அப்படியானால் அந்தத் திசைக்கு ஃபெரைட் வளையத்தில் கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.